வாசலுக்கு ஒரு விளக்குக் கம்பம்

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது உரத்தைப் பற்றியும் இல்லை, பூச்சிமருந்தைப் பற்றியும் இல்லை. வீட்டு வாசலிலும், களத்து ஓரத்திலும், மாட்டுத் தொழுவத்துக்குப் போகிற வழியிலும் நடுகிறோமே, அந்த விளக்குக் கம்பத்தைப் பற்றி. "இதுக்கு ஒரு பேச்சாங்க? ஒரு பைப்பை நட்டு, பல்பை மாட்டினா வேலை முடிஞ்சுது!" என்று நீங்கள் கேட்கலாம். வேலை அப்படி முடிவதில்லை. சரியாக நட்ட கம்பம் உயிரைக் காக்கும். அரைகுறையாக நட்ட கம்பம் உயிரை எடுக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

விவசாயி வீட்டில் ராத்திரி என்று தனியாக ஒன்று கிடையாது. விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்கணும். கன்று போடுகிற பசுவை நடுச்சாமத்தில் எழுந்து பார்க்கணும். மூன்று ஃபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போடப் போகணும். இப்படிப் போகும்போது காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். நம் ஊரில் அதிகம் உயிரைக் குடிக்கிற பாம்புகள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு. இவற்றில் கட்டுவிரியன் முழுக்க முழுக்க இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியனும் அந்தி சாய்ந்த பிறகுதான் அதிகமாக இரை தேடும். 2000-க்கும் 2019-க்கும் இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். தமிழ்நாடு அரசும் 2024-ல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே வெளிச்சம் தேவை. ஆனால் மழை பெய்து ஈரமாகக் கிடக்கிற வாசலில் மின்சாரம் பிடித்த இரும்புக் கம்பம் நிற்குமானால், அது பாம்பைவிடப் பொல்லாதது. பாம்பாவது சீறும், கம்பம் சத்தம் போடாது.

இரண்டே விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வெளிச்சம் கால் வைக்கிற தரையில் விழணும். இரண்டு, கம்பம் எந்தக் காலத்திலும் மின்சாரம் பிடிக்கக் கூடாது. இனிச் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான்.

எந்த இடத்தில் நடுவது?

கடப்பாரையை எடுக்குமுன் ஒருநாள் இரவு டார்ச் விளக்கோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வாசலிலிருந்து தொழுவம், கிணற்றடி, கழிப்பறை, எருக்குழி என்று வீட்டிலுள்ளவர்கள் இருட்டில் போகிற வழி எது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அவர்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அந்த வழியில் எந்த இடத்தில் இருட்டு அதிகமோ, கல்லும் புல்லும் எங்கே அதிகமோ, அங்கேதான் வெளிச்சம் வேண்டும். தெருவில் போகிறவர்கள் பார்த்து மெச்சுவதற்காக வாசற்படிக்கு நேரே நடுவதில் பயன் குறைவு.

பத்தடி உயரத்தில் இருக்கிற விளக்கு, ஏறத்தாழ இருபதடி அகலத்துக்குத் தரையில் நல்ல வெளிச்சம் தரும். அதற்கப்பால் மங்கிவிடும். எனவே வழி நாற்பதடி நீளம் என்றால் ஒரே பெரிய விளக்கை உயரத்தில் மாட்டுவதைவிட, இரண்டு சின்ன விளக்குகளைத் தள்ளித் தள்ளி வைப்பது மேல்.

இன்னொன்றையும் கவனிக்கணும். விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே முன்னால் விழுந்து காலடியை மறைத்துவிடும். ஆகையால் கம்பத்தை வழியின் ஆரம்பத்தில் நடாமல், நடுவில் பக்கவாட்டில் நடுங்கள். அல்லது வழி போய் முடிகிற இடத்துக்கு அருகில் நடுங்கள். விளக்குக்கு மேலே தொப்பி போன்ற மூடி இருக்கட்டும். வெளிச்சம் கண்ணில் அடித்தால் கண் கூசும், தரை தெரியாது.

வீட்டு நிலைக்கதவிலிருந்து பத்துப் பதினைந்து அடியாவது கம்பம் தள்ளி இருப்பது நல்லது. காரணம் இருக்கிறது. விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தின்னத் தவளையும் பல்லியும் வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரும். வெளிச்சத்தைக் கண்டால் பாம்பு ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. வெளிச்சம் பாம்பை விரட்டாது; நாம் பாம்பைப் பார்க்க உதவும், அவ்வளவுதான். எனவே கம்பத்தைச் சுற்றிச் செங்கல், விறகு, தேங்காய் மட்டை என்று எதையும் குவித்து வைக்காதீர்கள். பத்தடிக்குப் புல்லைச் செதுக்கித் தரையைச் சுத்தமாக வைத்திருங்கள்.

வைக்கோல் போருக்கும் கம்பத்துக்கும் நல்ல இடைவெளி வேண்டும். வயர் இணைப்பு தளர்ந்து ஒரு பொறி பறந்தால் போதும், போர் எரிந்துவிடும். தென்னை மரத்தின் அடியிலும் வேண்டாம். மட்டையும் தேங்காயும் விழுந்தால் விளக்கு தப்பாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதியில் தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள். மின்வாரியக் கம்பி குறுக்கே போகிற இடத்துக்கு அடியிலோ பக்கத்திலோ கம்பம் நடவே கூடாது. இருபதடி இரும்புப் பைப்பை நிமிர்த்தும்போது அது ஆடும், சாயும். மேலே இருக்கிற கம்பியில் பட்டால், பைப்பைப் பிடித்திருக்கும் அத்தனை பேர் உயிரும் போய்விடும். பைப்பை முதலிலேயே அளவுக்கு அறுத்துவிட்டு, பிறகு தூக்குங்கள். இரும்பு ஏணிக்கும் இதே எச்சரிக்கைதான்.

பயிருக்கும் ராத்திரி வேண்டும்

வயலையொட்டி வீடு கட்டியிருப்பவர்கள் இதைக் கேளுங்கள். சில பயிர்களுக்கு இரவு நீண்டால்தான் பூக்கத் தோன்றும். செவ்வந்தி அப்படிப்பட்டது, அதனால்தான் பசுமைக்குடில்களில் செவ்வந்தி பயிரிடுகிறவர்கள் பூப்பைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுகிறார்கள். சோயா மொச்சையும் இந்த வகையே. நெல்லிலும், பனிக்காலத்தில் பகல் குறையும்போது மட்டுமே கதிர் விடுகிற பழைய நீண்டகால ரகங்கள் இருக்கின்றன. இந்தப் பயிர்கள் மீது இரவெல்லாம் வெளிச்சம் அடித்தால், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவை மட்டும் கதிரோ பூவோ விடாமல் பச்சையாகவே நிற்கும். உரம் பற்றவில்லை என்று நினைத்து யூரியாவைக் கொட்டிப் பயனில்லை. விளக்கின் முகத்தை வயலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் போதும்.

"விளக்கு இருந்தா பூச்சியெல்லாம் அதுல விழுந்து செத்துடுமே, நல்லதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். விளக்குப்பொறி வேறு, வாசல் விளக்கு வேறு. விளக்குப்பொறியில் பல்புக்கு அடியில் ஒரு தட்டில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருக்கும். வந்த பூச்சி அதில் விழுந்து சாகும். தட்டில்லாத வாசல் விளக்கு என்ன செய்யும்? ஊரிலுள்ள தண்டுத்துளைப்பான் தாய்ப்பூச்சியையும், தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டையும் விருந்துக்கு அழைத்து, உங்கள் தோட்டத்திலேயே விட்டுவிடும். பளீரென்ற நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும். மஞ்சள் சாயலான வெளிச்சத்துக்குக் குறைவாக வரும். ஆகவே மஞ்சள் சாயலையே கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 3000 கே அல்லது அதற்குக் குறைவு என்று போட்டிருக்கும்.

எந்த விளக்கு?

பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்றைக்கு 9 வாட் எல்.இ.டி. தருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் விளக்கு இரவில் 11 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவு. இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். அதே 60 வாட் பல்பு என்றால் 40 யூனிட் ஆகும். வாசலுக்கு 9 வாட்டும், களத்துக்கு 15 முதல் 20 வாட்டும் தாராளம். வாட் எவ்வளவு என்பதோடு லூமென் எவ்வளவு என்றும் பெட்டியில் பாருங்கள். லூமென் என்பது விளக்கு தருகிற வெளிச்சத்தின் அளவு. வாட் என்பது அது தின்கிற தீனி. தீனி குறைவாகவும் கறவை அதிகமாகவும் இருக்கிற மாட்டைத்தானே வாங்குவோம்!

வீட்டுக்குள் எரிகிற சாதாரண எல்.இ.டி. பல்பை வெட்டவெளி ஹோல்டரில் மாட்டாதீர்கள். மழைத் தண்ணீர் இறங்கி, ஹோல்டர் பச்சை பிடித்து, கடைசியில் கம்பத்துக்குக் கசிவு வரும். வெளியில் மாட்டுகிற விளக்கில் 'ஐ.பி. 65' என்று குறித்திருக்கணும். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாம் எண் 5 என்றால் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். நம் கிராமத்து மின்சாரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையும் பெட்டியில் பார்த்து, 300 வோல்ட் வரை தாங்குவதாக வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் முதல்.

விளக்கின் மேல், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட சின்னம் இருந்தால் அதற்கு இரட்டைக் காப்பு உண்டு என்று பொருள். உள்ளே ஏதாவது பழுதானாலும் வெளிக்கூடு மின்சாரம் பிடிக்காதபடி செய்யப்பட்டது அது. வாசல் கம்பத்துக்கு இந்த வகை கிடைத்தால் அதையே விரும்பி வாங்கலாம்.

கம்பம் எது?

கல், சிமெண்ட், மரம், இரும்பு என்று நான்கு வகை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் வேலிக்கு நடுகிற கல்தூண் எளிதாகக் கிடைக்கும். துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, இரும்பைப் போல மின்சாரத்தையும் கடத்தாது. கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. கனம் அதிகம் என்பதுதான் ஒரே குறை. நடுவதற்கு நாலு பேர் வேண்டும். சிமெண்டுத் தூணும் நல்லதே; ஆனால் விரிசல் விட்டு உள்ளே இருக்கிற கம்பி தெரிகிற தூணை வாங்காதீர்கள்.

மரம் என்றால் வைரம் பாய்ந்ததாக இருக்கணும். பழைய வீட்டைப் பிரித்த பனை உத்திரமோ தேக்கோ இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இதற்கென்று நிற்கிற பனையை வெட்ட வேண்டாம். அது நம் மாநில மரம். மரத்தின் அடிப்பாகத்தில் மண்ணில் புதைகிற அளவுக்கும் அதற்கு மேல் ஓரடிக்கும் தார் பூசுங்கள்.

பெரும்பாலோர் நடுவது ஜி.ஐ. பைப் எனப்படும் நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய். இரண்டு அங்குலக் குழாய், நடுத்தர கனம், பன்னிரண்டு அடி நீளம் போதும். இரும்பில் இரண்டு எதிரிகள். ஒன்று துரு. அது கம்பத்தைத் தரையும் காற்றும் சேருகிற இடத்தில்தான் முதலில் தின்னும். மாட்டு மூத்திரம் படுகிற இடமானால் இன்னும் சீக்கிரம். இன்னொன்று, இரும்பு மின்சாரத்தை அப்படியே கடத்தும். ஆகையால் இரும்பை நடுகிறவர்கள் பின்னால் வருகிற எர்த் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

குழியும் நடவும்

கம்ப நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகணும் என்பது பொது விதி. பன்னிரண்டு அடிக் கம்பம் என்றால் இரண்டடி உள்ளே, பத்தடி வெளியே. ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழம் குழி எடுங்கள். அடியில் ஆறு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் கம்பத்தை நிறுத்துங்கள். பைப்பின் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்துவிட்டால் காற்றில் திருகிக்கொள்ளாது. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. இந்தக் குழிக்கு ஒரு மூட்டை சிமெண்ட் சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, முட்டுக் கொடுத்து, கம்பியால் குத்திக் குத்திக் கான்கிரீட்டை நிரப்புங்கள்.

வயர் வருவதற்கான வளைவுக் குழாயைக் கான்கிரீட் போடும்போதே வைத்துவிடணும். பிறகு உடைத்து வைப்பது ஆகாத வேலை. மேற்பகுதியைத் தரைக்கு நாலு அங்குலம் உயர்த்தி, நாலு பக்கமும் சரிவாகப் பூசுங்கள். தண்ணீர் கம்பத்தின் அடியில் நிற்கக் கூடாது. ஒரு வாரம் ஈரச்சாக்குச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவரை விளக்கை மாட்ட அவசரப்பட வேண்டாம்.

கரிசல் மண்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். குழியை மூன்றரை அடிக்குத் தோண்டி, அகலமாக எடுத்து, கான்கிரீட்டைச் சுற்றிக் கிராவலோ மணலோ போட்டுக் கெட்டிக்கணும். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் கம்பம் சாய்ந்துவிடும்.

வயர் மண்ணுக்குள் போகட்டும்

வீட்டிலிருந்து கம்பத்துக்கு, தென்னையில் கட்டி, முருங்கையில் தொங்கவிட்டு வயர் இழுப்பதை எத்தனையோ ஊரில் பார்க்கலாம். காற்றில் உரசி உரசி வயரின் தோல் போய்விடும். வண்டியில் வைக்கோல் ஏற்றி வந்தால் தட்டும். மண்ணுக்குள் புதைப்பதே சரி. அதற்கென்று இரும்புக் கவசம் போட்ட 'ஆர்மர்டு' கேபிள் கிடைக்கிறது. ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று கோர் உள்ளதாக வாங்குங்கள். இரண்டரை அடி ஆழம் வாய்க்கால் எடுத்து, மூன்று அங்குலம் மணல் பரப்பி, கேபிளைப் போட்டு, மேலே மறுபடி மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல், பிறகு மண். நாளைக்கு யாராவது மண்வெட்டி போட்டால் செங்கல் முதலில் தட்டும். டிராக்டர் போகிற இடத்தில் கூடுதலாக ஒரு பைப்புக்குள் விட்டுவிடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் வரைந்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பத்து வருஷம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

மண்ணுக்குள்ளும் கம்பத்துக்குள்ளும் வயரில் ஒட்டு இருக்கவே கூடாது. பைப்பின் அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வயர் அதில் உராய்ந்துதான் பல கம்பங்கள் மின்சாரம் பிடிக்கின்றன. விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, ரப்பர் வளையம் மாட்டி, அதன் வழியாக வயரை எடுங்கள். இணைப்புப் பெட்டி தரையிலிருந்து நாலடி உயரத்தில், பூட்டு உள்ளதாக இருக்கட்டும்.

சுவிட்ச் கட்டாயமாக ஃபேஸ் வயரில்தான் இருக்கணும். நியூட்ரலில் சுவிட்சை வைத்துவிட்டால் விளக்கு அணையும்; ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டதே என்று நம்பிப் பல்பு மாற்றக் கை வைத்தவர் கதி என்ன ஆகும்? இரண்டு வயரையும் ஒரே சமயத்தில் துண்டிக்கிற 'டபுள் போல்' சுவிட்ச் போட்டால் இந்தக் கவலை இல்லை.

சில இடங்களில் ஒரு வயர் மிச்சம் என்று ஃபேஸை மட்டும் இழுத்துவந்து, கம்பத்தடியில் ஒரு கம்பியை மண்ணில் அடித்து, அதையே நியூட்ரலாக்கி விளக்கு எரிக்கிறார்கள். இது பெரும் பாவம். அந்தக் கம்பி மண்ணிலிருந்து கழன்றாலோ, மண் காய்ந்தாலோ, கம்பியைத் தொடுகிறவர் உடம்பே நியூட்ரல் ஆகிவிடும். இதை யார் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எர்த் மட்டும் போதுமா?

இதுதான் இந்தப் பேச்சின் முக்கியமான பகுதி. "எர்த் அடிச்சிருக்கேன், ஃபியூஸும் இருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கிறவர்கள் ஏராளம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்பத்துக்கு அடித்த எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த செம்மண்ணில் சாதாரணமாக அவ்வளவு இருக்கும். இப்போது உள்ளே வயர் உராய்ந்து கம்பம் மின்சாரம் பிடித்துவிட்டது. எர்த் வழியாக எவ்வளவு ஓடும்? 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். உங்கள் ஃபியூஸ் 16 ஆம்பியர். பதினொன்றரைக்கு அது உருகுமா? உருகாது. விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். கம்பமும் மின்சாரத்தோடு நின்றுகொண்டே இருக்கும். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, ஒரு குழந்தை தொடும் வரைக்கும். எம்.சி.பி. எனப்படும் சிறு சுவிட்சும் இந்த விஷயத்தில் ஃபியூஸ் மாதிரிதான். அது வயரைக் காக்கப் பிறந்தது. ஆளைக் காக்க அல்ல.

ஆளைக் காக்கிற கருவிக்குப் பெயர் ஆர்.சி.சி.பி. அது செய்கிற வேலை நமக்குப் பழக்கமானதுதான். மடையில் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் வயலுக்கு வந்து சேர்ந்ததா, வழியில் எங்காவது கரை உடைந்து போகிறதா என்று பார்க்கிறோமே, அதே மாதிரி ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதா என்று அது கணந்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். நம் கணக்கில் கசிந்தது பதினொன்றரை ஆம்பியர். கம்பம் மின்சாரம் பிடித்த அந்தக் கணமே, யாரும் தொடுமுன்பே கரண்ட் நின்றிருக்கும். எர்த் சுமாராக இருந்தாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும்.

கடையில் கேட்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று சொல்லிக் கேளுங்கள். 100, 300 என்றும் இருக்கிறது. அவை ஆளைக் காக்காது. வெளி விளக்குகளுக்கென்று தனியாக ஒன்று போட்டுக்கொண்டால், வெளியே பழுது வரும்போது வீடு இருளாது. அதோடு எம்.சி.பி.யும் இருக்கணும், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டி' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழணும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடாதீர்கள். நாய் குரைக்கிறது என்றால் நாயை அடிப்பதா, திருடன் எங்கே என்று பார்ப்பதா?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், நம் ஜாக்கிரதையும் வேண்டும். எர்த் குழாயை எட்டடிக்கு இறக்கி, கம்பத்தின் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். கோடையில் குழாயடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள். உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு எர்த்தின் தடையை அளந்து பாருங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்கணும். மாட்டுக்குச் செருப்பு கிடையாது. நாலு காலும் ஈர மண்ணில். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம். தரையில் பரவுகிற கசிவு ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும்போது நெஞ்சைக் கடந்து போகும். மனிதன் தப்பித்துக்கொள்கிற கசிவில் மாடு செத்துவிடும். எனவே விளக்குக் கம்பத்தில் மாடு கட்டாதீர்கள். துணி உலர்த்துகிற கம்பியைக் கம்பத்தில் கட்டாதீர்கள். கொடி கட்டுவதானால் நைலான் கயிறாக, வேறு இடத்தில் கட்டுங்கள். அவரை, பூசணிக் கொடியையும் அதில் ஏற்றாதீர்கள்.

இணைப்பு எதிலிருந்து?

வாசல் விளக்குக்கு வீட்டு மீட்டரிலிருந்துதான் இணைப்பு எடுக்கணும். பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்கு விளக்குப் போட்டால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி கட்டணத்தை இரண்டு மடங்காகக் கணக்கிட்டு வசூலிக்க இடமிருக்கிறது. மாதம் மூன்று யூனிட்டை மிச்சப்படுத்த அந்த வம்பு எதற்கு?

வயர் எட்டாத இடத்துக்கு

தோட்டத்துக் கிணறு, தூரத்துக் கொட்டகை போன்ற இடங்களுக்குச் சூரிய விளக்கு நல்லது. அதில் ஓடுவது குறைந்த வோல்ட். ஷாக் பயம் இல்லை. ஆனால் ஏமாறாமல் வாங்கணும். பெட்டியில் 100 வாட், 200 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பலகையின் அளவைப் பாருங்கள். ஒரு சதுர அடிப் பலகை முழு வெயிலில் ஏறத்தாழ 20 வாட்தான் தரும். உள்ளங்கை அகலப் பலகை எப்படி நூறு வாட் தரும்?

10 வாட் விளக்கு 11 மணி நேரம் எரிய 110 வாட்-மணி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு மூன்று நாள் வெயிலே தெரியாது. மூன்று நாளைக்கு 330 வாட்-மணி பேட்டரியில் இருக்கணும். அதாவது 12 வோல்ட் பேட்டரி என்றால் சுமார் 28 ஆம்பியர்-மணி. பலகை 40 வாட்டுக்குக் குறையக் கூடாது. கடைக்காரரிடம் இந்த மூன்று எண்களைக் கேளுங்கள். பலகை தெற்கே பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்து இருக்கட்டும். அந்தச் சாய்வில் மழையே தூசியைக் கழுவிவிடும். மழையில்லாத காலத்தில் மாதம் இருமுறை துடையுங்கள். மர நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். பலகை காற்றைப் பிடிக்கும் என்பதால் கம்பம் மூன்று அங்குலக் குழாயாக இருப்பது நல்லது.

ஏதாவது நடந்துவிட்டால்

கம்பத்தில் 'சுரீர்' என்று லேசாக இருந்தாலும் "மழைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். அது தூரமென்றால் காய்ந்த கழியால், காய்ந்த பலகைமேல் நின்றுகொண்டு ஆளை விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

நண்பர்களே, ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஆகிற செலவில் விளக்கின் பங்கு கொஞ்சம்தான். கேபிளும் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்தான் கையைக் கடிக்கும். பணம் பற்றவில்லை என்றால் விளக்கைச் சின்னதாக வாங்குங்கள். களத்துக் கம்பத்தை அடுத்த அறுவடைக்குத் தள்ளிவையுங்கள். கேபிளிலும் ஆர்.சி.சி.பி.யிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏற்கெனவே வாசலில் கம்பம் வைத்திருப்பவர்கள் நாளைக் காலையிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். மீட்டர் பெட்டிக்குப் போய் 'டி' பொத்தான் உள்ள கருவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் அது வந்து சேரும்வரை மழைநாளில் அந்தக் கம்பத்துக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.